இடது பத்தியில் ஒரு வேன்

காலை ஐந்து ஐம்பது. கோவில்பதாகை நிறுத்தத்தில் வேன் வந்து நின்றதும் நான் முதலில் பார்த்தது, டிரைவர் சீட்டுக்கும் கியருக்கும் நடுவில் செருகி வைத்திருந்த ஒரு தகர பிஸ்கட் டப்பாவை. அதற்கு மூடி இல்லை. உள்ளே சின்னச் சின்ன பிளாஸ்டிக் கவர்கள் நிமிர்த்தி அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு கவரிலும் மார்க்கர் பேனாவால் ஒரு பெயர். கவருக்குள் மாத்திரை அட்டை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு கம்பெனியின் வேன் அது. முத்தாபுதுப்பேட்டையில் கிளம்பி, ஆவடியைச் சுற்றியுள்ள ஆட்களை வழியெல்லாம் ஏற்றிக்கொண்டு போகும். நான் அதில் ஏறியது வேலை நிமித்தமாக. வேலப்பன்சாவடியில் நெடுஞ்சாலையோரமாக இருக்கும் ஒரு கல்லூரியில், சமூக மருத்துவத் துறையின் ஆய்வு அறிக்கைகளை எழுதித் திருத்தும் வேலையில் இருக்கிறேன். அதற்கு முன்பு பல வருடங்கள் நாளிதழ் நிருபர்.

எங்கள் துறை ஓர் ஆய்வை முடித்திருந்தது. ரத்த அழுத்த மாத்திரை வேலை செய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் அதை ஒழுங்காக விழுங்கும்படி எப்படிச் செய்வது என்பதுதான் தெரியாது. மருந்தைச் சோதிக்கிற ஆய்வு அல்ல. மருந்தை ஆள் வரைக்கும் கொண்டுசேர்க்கிற வழியைச் சோதிக்கிற ஆய்வு. குலுக்கல் போட்டுச் சில வேன் தடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தடங்களில் துறையின் நர்ஸ் மாதம் ஒரு முறை நிறுத்தத்துக்கே வந்து, அழுத்தம் பார்த்து, அந்த மாதத்துக்கான மாத்திரையைத் தன் கையால் கொடுப்பார். மற்றத் தடங்களில் இருப்பவர்கள் வழக்கம்போல அரசு சுகாதார நிலையத்துக்குப் போவார்கள். முடிவுகள் வந்தபோது, நர்ஸ் போன தடங்களில் எல்லாம் அழுத்தம் குறைந்திருந்தது. இந்த ஒரு தடத்தில் மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகக் குறைந்திருந்தது.

துறைத் தலைவருக்கு அது உறுத்தியது. அவர் ஒரு பேராசிரியை. நல்ல செய்தியை இரண்டு முறை படிப்பவர். "நீங்க பத்திரிகைல இருந்தவர்தானே? எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை அந்த வேன்ல போயிட்டு வாங்க" என்றார்.

டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். தோளில் துண்டு.

"ஏறு சார். நீதான் சிஸ்டர் ஆபீஸ் ஆளா? இன்னா, வேவு பாக்க வந்துகினியா?"

"பார்க்கத்தான் வந்தேன்" என்றேன்.

ஆட்கள் ஏறி உட்கார்ந்தார்கள். டிரைவர் சாவியைத் திருகாமல் பின்னால் திரும்பினார்.

"எல்லாம் போட்டாச்சா?"

"போட்டாச்சு அண்ணாத்தே" என்று நான்கைந்து குரல்கள் வந்தன.

"டேய் மச்சான், பின்னாடி ஜன்னலாண்ட. உன்னத்தான். போட்டியா?"

"வேல வுட்டு ஊட்டுக்குப் போயி போட்டுக்கிறேன் நைனா."

"ஊட்டுக்குப் போயி நீ குப்புறப் படுப்ப. கவரு இங்க கீது, தண்ணியும் கீது. நீ போட்டாத்தான் வண்டி எடுப்பேன்." சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வேனுக்குள் கூச்சல் எழுந்தது. "போட்டுத் தொலைடா, பஞ்ச் லேட்டாவுது!" "இவன் ஒருத்தன் பிரஷரால நம்ம எல்லாருக்கும் ஏறப் போவுது!" நடுவரிசையில் இருந்த ஓர் இளைஞன், "அண்ணாத்தே, எனக்கும் ஒண்ணு குடேன்" என்றான்.

"உனுக்கு இன்னாத்துக்கு? உன் மாமியாருக்கு வேணா வாங்கிக்கினு போ. உன் மூஞ்சப் பாத்தாலே அதுக்கு எகிறும்."

கவர் கை மாறிக் கை மாறிப் பின்னால் போனது. அந்த ஆள் விழுங்கிவிட்டு, எல்லோரும் பார்க்கும்படி வாயைத் திறந்து காட்டினார். டிரைவர் சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பினார்.

போகும் வழியில் கேட்டேன். டப்பாவை அங்கே வைக்கச் சொன்னது நர்ஸ்தான் என்றார்.

"இவனுங்க ஒரு வாரம் காலைல, ஒரு வாரம் மத்தியானம், ஒரு வாரம் நைட்டு. அந்தம்மா ஒத்த ஆளு, எத்தினி நேரத்துக்குத்தான் வந்து நிக்கும்? அட்டையக் கையில குடுத்தா காலைல போடுன்னு சொல்றாங்கோ. நைட்டு முடிச்சிட்டு வர்றவனுக்குக் காலைன்னா எது சார்? அவன் தூங்கப் போற நேரம். அந்த வாரம் பூரா வுட்டுடுவான். அதான் சிஸ்டர் சொல்லிச்சு, காலைய வுடு, வேன்ல ஏறுறப்ப போடுன்னு. அட்டைய நானே வெச்சிக்கினேன்."

"எப்போதிலிருந்து?"

"ரெண்டாவது மாசத்துலேந்து."

என் பையில் அறிக்கையின் முதல் வரைவு இருந்தது. துறையின் புள்ளியியலாளர் எழுதியது. அதில் ஒரு வாக்கியம்: 'மருந்துகள் திட்டத்தில் குறிப்பிட்டபடி செவிலியரால் நேரில் வழங்கப்பட்டன.'

நான் தொழிற்பேட்டையிலிருந்து வேலப்பன்சாவடி வந்து சேர்வதற்குள் டிரைவர் நர்ஸுக்குப் போன் செய்துவிட்டார். துறைக்குப் போகும் மாடிப்படிக்குக் கீழே நர்ஸ் எனக்காகக் காத்திருந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர். ஆவடியில் ஒரு குடியிருப்பில் வசிக்கும் கத்தோலிக்கக் குடும்பம். எங்களிடம் வருவதற்கு முன் தனியார் மருத்துவமனைகளில் பெரும்பாலும் இரவுப் பணி.

"டப்பாவப் பாத்தீங்களா சார்?"

"பார்த்தேன்."

"எழுதப் போறீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "என் கான்ட்ராக்ட் இந்த ரிப்போர்ட்டோட முடியுது. ஆய்வோட ரெண்டாம் கட்டத்துக்குப் பணம் கிடைச்சாத்தான் எனக்கு வேல. டிரைவர் மருந்து கொடுத்தாருன்னு போட்டீங்கன்னா, பணம் குடுக்கறவங்க முதல்ல யாரத் தூக்குவாங்க? டிரைவரையா? மேடத்தையா?"

"முடிவெடுப்பது நான் இல்லை."

"எழுதறது நீங்கதானே."

மாணவர்கள் படியேறிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் கடந்து போகும்வரை பொறுத்திருந்து, ஒரு நிருபர் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். அந்த ஏற்பாட்டினால் யாருக்காவது ஏதாவது ஆனதா?

அவர் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"ஒரு தடவ. ஒரே பேர்ல ரெண்டு பேரு அந்த வேன்ல. ஒருத்தருக்கு டோஸ் கம்மி, ஒருத்தருக்கு ஜாஸ்தி. கவர் மாறிப் போச்சு. கம்மியா போடறவரு தலை சுத்துதுன்னு மெஷினாண்டையே உக்காந்துட்டாரு. டிரைவர் எனக்குப் போன் பண்ணாரு. ஓடிப் போய் பிபி பாத்தேன். டாக்டர்கிட்ட காட்டி, சாயங்காலமே ஊட்டுக்கு அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு கவருக்குச் சிவப்பு டேப்பு, ஒண்ணுக்குப் பச்சை."

"துறையின் மாத மீட்டிங்கில் சொன்னீர்களா?"

"'எல்லாம் சரியா போகுதா'ன்னு கேட்டாங்க. 'போகுது மேடம்'னேன்."

இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மருத்துவ ஆய்வு எதையும் நினைத்தபடி எழுதி அனுப்ப முடியாது. இன்ன வகை ஆய்வுக்கு இன்ன வழிகாட்டி என்று இருக்கிறது. துறையில் செக்லிஸ்ட் என்போம். அது ஆய்வை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லித் தராது. செய்ததில் எதையெல்லாம் சொல்லாமல் விடக்கூடாது என்று மட்டும் சொல்லும். எந்த செக்லிஸ்டை எடுப்பது என்பதைப் பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் யோசிப்பார்கள், கல்யாணப் பத்திரிகையின் வண்ணத்தைத் தேர்ந்தெடுப்பதுபோல.

மறுநாள் துறைத் தலைவரின் அறையில் மூன்று செக்லிஸ்டுகளை மேசைமேல் வைத்தேன். எங்கள் இருவரோடு அறையில் இருந்தவர் புள்ளியியலாளர். பூந்தமல்லியில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை, கெட்டிக்காரர். அவருக்கு ரம்ஜான் நோன்பு என்பதால் டீ இரண்டு பேருக்கு மட்டும் வந்தது. வேனில் பார்த்ததையும் நர்ஸ் சொன்னதையும் நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். சொல்லப் போகிறேன் என்று நர்ஸிடமும் சொல்லியிருந்தேன்.

முதல் செக்லிஸ்ட், ஒரு மருத்துவமனை தன் வேலைமுறையைத் தானே சீர்செய்துகொள்வதைச் சொல்வதற்கானது. அதை உடனே ஒதுக்கினோம். இரண்டாவது, சோதனை ஆய்வுகளுக்கானது. குலுக்கல் எப்படிப் போட்டீர்கள், ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர், எத்தனை பேர் விலகினார்கள், என்ன கெடுதல் நேர்ந்தது. மூன்றாவது, எங்களுடையதைப் போன்ற நடைமுறைப்படுத்தல் ஆய்வுகளுக்கானது. அதில் ஒவ்வொரு வரிசையும் இரண்டு பத்திகளாகப் பிரிந்திருக்கும். வலது பத்தியில் மருந்து. இடது பத்தியில் மருந்தை ஆளிடம் சேர்த்த வழி: யார், எங்கே, எப்படி. இடையில் ஏதாவது மாற்றினீர்களா, மாற்றியது யார், ஏன் என்று அதில் தனியாக ஒரு வரிசை உண்டு.

புள்ளியியலாளர் தயங்கவில்லை. "ரெண்டாவதுதான் சார். குலுக்கல் போட்டோம், ரெண்டு குழு இருக்கு, கணக்கு இருக்கு. இது ட்ரையல். இதுல ஒரு பொய்யும் இல்ல. 'ஒரு தடத்தில் வழங்கும் முறை சற்று மாறியது'ன்னு ஒரே வரி. நர்ஸம்மா வேலையும் நிக்கும்."

"தலை சுற்றி உட்கார்ந்தவரை எங்கே போடுவீர்கள்?"

"கெடுதல்னு ஒரு வரிசை இருக்கே, அங்க போடுவோம். ஒருவருக்கு டோஸ் மாறியதுன்னு."

"எப்படி மாறியது?"

அவர் என்னைப் பார்த்தார். "சார், நீங்க நியூஸ் எழுதல."

"யார் கொடுத்தார் என்பதே இல்லாமல் ஒரு வாக்கியத்தை எழுதச் சொல்கிறீர்கள்."

"ஒருத்தங்க வேலைய எடுத்துட்டு அந்த வாக்கியத்தை முழுசாக்கி என்ன செய்யப் போறோம்?"

வெளியே நெடுஞ்சாலையில் ஒரு லாரி வெகுநேரம் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. துறைத் தலைவர் டீயைத் தொடாமல், மூன்றாவது செக்லிஸ்டின் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் இதில் ஆபத்து இருந்தது. மருந்து வாங்கியது அவருடைய கையெழுத்தில்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றார் புள்ளியியலாளரிடம். "வேற ஊர்ல ஒருத்தர் நம்ம பேப்பரைப் படிக்கிறார். நர்ஸ் மாசம் ஒரு தடவை வந்து கொடுத்தாங்கன்னு நாம எழுதியிருக்கோம். அவரும் அதையே செய்றார். அந்தத் தடத்துல நமக்கு வந்த ரிசல்ட் அவருக்கு வருமா?"

"மத்த தடத்துல வந்த அளவுக்கு வரும்."

"நான் அந்தத் தடத்தைக் கேக்கறேன்."

அவர் லேப்டாப்பைப் பார்த்தார், பிறகு மேசையைப் பார்த்தார். "வராது மேடம்."

நர்ஸைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் உட்காரவில்லை.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டார் துறைத் தலைவர்.

"சொல்லியிருந்தா நிறுத்தச் சொல்லியிருப்பீங்க மேடம்."

"கண்டிப்பா நிறுத்தச் சொல்லியிருப்பேன். மருந்துச் சீட்டே படிக்கத் தெரியாத ஒருத்தர் கையில ஒரு வேன் மாத்திரை. யாருக்கு என்ன வியாதின்னு வேன் பூரா தெரியும். ஒருத்தர் மெஷின் மேல விழுந்திருந்தா?"

"விழல மேடம்."

"விழலன்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது."

புள்ளியியலாளர் குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். "மேடம், மூணாவதையே எடுத்தாலும், மாற்றினவர் 'செவிலியர்'னு போட வேணாம். 'களப் பணியாளர்'னு போடலாம்."

நர்ஸ் முதல்முறையாகச் சிரித்தார். "நம்மள்ல களப் பணியாளர் எத்தன பேரு தம்பி?"

திட்டத்தில் களத்துக்குப் போனது அவர் ஒருவர்தான்.

துறைத் தலைவர் எழுந்து ஜன்னலருகே போனார், திரும்பி வந்தார். "மூணாவதுதான் முதன்மை. எண்ணிக்கைக்கு ட்ரையல் செக்லிஸ்டைப் பின்னால சேர்த்துடுங்க. ரெண்டையும் வைக்கலாம், தப்பில்லை. சார், எழுதுங்க. இப்பவே, இங்கேயே. எல்லாரும் இருக்கும்போதே."

வலது பத்தி கொஞ்ச நேரத்தில் நிறைந்தது. மாத்திரையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இடது பத்தியில் நான் சொல்லிச் சொல்லித் தட்டச்சு செய்தேன். இரண்டாம் மாதம் முதல் ஒரு தடத்தில் மாத்திரைகள் வேன் ஓட்டுநரிடம் வைக்கப்பட்டன. மாற்றியவர் செவிலியர். காரணம், ஷிஃப்ட் மாறும் வாரங்களில் தொழிலாளர்கள் மாத்திரையை விட்டுவிடுவது. ஒருமுறை உறைகள் மாறி ஒருவருக்குத் தலைசுற்றல். துறைக்குத் தெரிவிக்கப்படவில்லை.

"அன்னைக்கே நான் போய்ப் பாத்தேன்னு போடுங்க" என்றார் நர்ஸ். "டாக்டர்கிட்ட காட்டினதும்."

சேர்த்தேன். அடுத்த வரியையும் தட்டச்சு செய்துவிட்டுத் திரையைத் துறைத் தலைவர் பக்கம் திருப்பினேன்: 'மாதாந்திரக் கூட்டத்தில் பொதுவாக விசாரித்ததைத் தவிர, மருந்து வழங்கும் முறையைத் துறை நேரில் கண்காணிக்கவில்லை.' அவர் அதை இரண்டு முறை படித்தார். நீக்கச் சொல்லவில்லை.

டிரைவரிடமும் கேட்க வேண்டியிருந்தது. மதியம் போன் செய்தேன்.

"என் பேரு வராதுல்ல?"

"வராது. வேன் ஓட்டுநர் என்றுதான் இருக்கும்."

"அப்ப போட்டுக்கோ. ஆனா வண்டிய எடுக்காம நிறுத்தி வெச்சேன்னு மட்டும் போடாத சார். லேட் பண்றேன்னு சூப்பர்வைசர் குதிப்பான்."

"அதுதான் முக்கியமே அண்ணே. அதனால்தான் எல்லோரும் விழுங்கினார்கள்."

அவர் பக்கத்தில் யாரோ டீ கேட்பது போனில் கேட்டது.

"செரி. ரெண்டே நிமிசம்னு போடு."

அறிக்கை போனது. எங்களுக்கு நிதி கொடுக்கும் நிறுவனத்தின் குழு அதைப் படித்துவிட்டுக் காணொளியில் பேசும் என்று தகவல் வந்தது. அந்தக் காத்திருப்பில் நர்ஸ் தினமும் என் மேசையைக் கடந்துதான் பதிவறைக்குப் போனார். முதலில் "வந்துச்சா சார்?" என்று கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். இல்லை என்று நானே தலையாட்டுவேன்.

புள்ளியியலாளர் என்னிடம் வேலைக்கு மேல் எதுவும் பேசவில்லை. நோன்பு முடிந்து பெருநாளைக்கு மறுநாள் துறையில் எல்லோருக்கும் அவர் வீட்டு பிரியாணி வந்தது. என் மேசைக்கும் ஒரு டப்பா வந்தது; அதை அவர் தன் கையால் கொண்டுவரவில்லை.

காணொளி நாளன்று துறைத் தலைவர் எங்கள் எல்லோரையும் அறையில் உட்காரச் சொன்னார். நர்ஸையும்தான். திரையில் ஐந்து முகங்கள். வணக்கம் சொல்லி முடிந்ததும் வந்த முதல் கேள்வி, நர்ஸ் மாடிப்படிக்குக் கீழே பயந்தபடியே டிரைவரைப் பற்றி இருந்தது.

"மருந்தை விநியோகித்தவரின் தகுதி என்ன?"

"டிரைவிங் லைசென்ஸ்" என்றார் துறைத் தலைவர்.

யாரும் சிரிக்கவில்லை. மாற்றத்தைச் செய்தவர் யார், அவர் ஏன் அதை மறைத்தார் என்று அடுத்த கேள்வி. துறைத் தலைவர் இடது பத்தியின் வரிசையை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். கண்காணிக்கவில்லை என்ற வரியையும் விடாமல் படித்தார். நர்ஸ் கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தார். திரையில் இருந்தவர்களுக்கு அவர் தெரியமாட்டார். கேமரா எதிரில் துறைத் தலைவர் மட்டும்தான். ஒருவர், நோயாளிகளின் விவரம் வேன் முழுக்கத் தெரிந்திருப்பது பற்றிக் கேட்டார். இன்னொருவர், சாவியை உருவிக்கொள்வது பற்றி இரண்டு முறை விளக்கம் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

முடிவு எழுத்தில் வந்தது. இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி, எல்லாத் தடங்களிலும். மாத்திரையை வேனில் ஏறும்போது போட்டுக்கொள்ளும் முறை திட்டத்தில் சேர்க்கப்படுகிறது. கம்பெனி ஒப்புக்கொண்டால் ஓட்டுநர் நினைவூட்டலாம். மற்றவர்கள் முன்னால் தன்னைக் கேட்க வேண்டாம் என்று சொல்கிறவரைக் கேட்கக்கூடாது. வேனில் மருந்து இருக்கக்கூடாது. செவிலியர் மட்டுமே மருந்து தர வேண்டும், அதுவும் ஷிஃப்டுக்கு ஒருவராக. ஆகவே செவிலியர்கள் மூவர்.

அதன்பிறகு ஒரு திங்கட்கிழமை நான் மறுபடியும் கோவில்பதாகை நிறுத்தத்துக்குப் போனேன். நர்ஸ் எனக்கு முன்பே வந்து, மூடியிட்ட மருந்துப் பெட்டியோடும் அழுத்தம் பார்க்கும் கருவியோடும் நின்றிருந்தார். புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரும் அவர் பக்கத்தில் நின்றார்கள். கவரில் சிவப்பு டேப்பும் பச்சை டேப்பும் எதற்கு என்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வேன் வந்தது. கியருக்குப் பக்கத்தில் இப்போது ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது.

"இன்னா சிஸ்டர், டப்பாவப் புடுங்கிக்கினு போயிட்ட. எம் பிஸ்கட்ட எங்க வெக்கிறது?" என்றார் டிரைவர்.

"வாயில வெச்சுக்கோங்க அண்ணா. கொஞ்ச நேரம் சத்தம் வராது."

ஆட்கள் ஒவ்வொருவராக வாங்கிக்கொண்டு ஏறினார்கள். டிரைவர் பின்னால் திரும்பி, "எல்லாம் போட்டாச்சா?" என்று கேட்டார். வேன் கிளம்பியது.

புதிய நர்ஸ்கள் இருவருக்கும் ஓராண்டு ஒப்பந்தம். அவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்தவருக்கு மூன்று மாதம்.